பகலெல்லாம் இருட்டு

குழந்தைக்கு எத்தனை மாதம் என்று செவிலி கேட்டபோது சுந்துஸ் விரல்விட்டு எண்ணிப்பார்த்தாள். எட்டு என்று தோன்றியது. ஏழாகவும் இருக்கலாம். மடியில் மெலெக் அடித்துப்போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். காலை பத்து மணி. ஸ்ஃபாக்ஸ் நகரத்துத் தாய்சேய் நல நிலையத்தில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. தடுப்பூசி போட்ட பிள்ளைகளின் அழுகை பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல அவளுக்குக் கேட்டது.

செவிலி டலெந்தா ஐம்பதைக் கடந்தவள். அட்டையைப் பார்த்து, எட்டு மாதம் என்று தானே சொல்லிக்கொண்டு எடையைக் குறித்தாள். எடை சரியாகத்தான் இருந்தது. இரவில் பிள்ளை தூங்குவதில்லை, அவ்வளவுதான். பத்து மணிக்கு விழித்தால் விடியும்வரை விளையாட்டு. கீழே விட்டால் அழுகை. மாமியார் போனில் சோம்புத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள், கண்ணேறுக்குச் சாம்பிராணி போடச் சொன்னாள், தன் ஆறு பிள்ளைகளில் ஒன்றுகூட இப்படி இருந்ததில்லை என்பதையும் மறக்காமல் சொன்னாள். சுந்துஸ் எல்லாவற்றையும் செய்தாள். செய்தோமா இல்லையா என்பதுகூட இப்போதெல்லாம் நினைவில் நிற்பதில்லை.

பிள்ளை தூங்காததைச் சொல்லத்தான் வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"நேத்து மத்தியானம் இவள கட்டில்ல விட்டுட்டுப் போயிட்டேன், மதாம்."

டலெந்தாவின் பேனா நின்றது. "எங்க போன?"

"பஸ் ஸ்டாப்புக்கு. மூணு பஸ் போச்சு. ஏறல. திரும்பி வந்துட்டேன்."

கடையில் தக்காளி வாங்கிவந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அழுகை வந்தால் நன்றாயிருக்கும் என்று பட்டது. வரவில்லை.

டலெந்தா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திட்டவில்லை. "உன்னையோ இவளையோ ஏதாவது செஞ்சுடணும்னு தோணுச்சா?" என்று நேராகக் கேட்டாள்.

"இல்ல. எதுவுமே தோணல."

வீட்டில் வேறு யார் இருந்தது என்று கேட்டாள். கணவன் ஹம்தி அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆலிவ் பறிக்கும் காலம். எண்ணெய் ஆலையில் அவனுக்கு இரண்டு மாதமாக ராத்திரி வேலை. ஏழு மணிக்கு வந்து படுத்தால் மூன்று மணிவரை வீட்டில் ஓசை கூடாது. எல்லா ஜன்னல்களையும் மூடிவிடுவாள். குழாயைக்கூட மெல்லத் திறப்பாள். இருட்டில் குழந்தையை மார்போடு அணைத்து அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அதுவும் தூங்கிப்போகும்.

"அப்ப நீ?"

"நானும் தூங்கிட்டா, இவ அழுது அவர எழுப்பிடுவா."

டலெந்தா பேனாவை மேசைமேல் வைத்தாள். "மகளே, உம் பொண்ணுக்கு நோயும் இல்ல, கண்ணேறும் இல்ல. அப்பனோட சேந்து நைட் ஷிப்ட் பாக்குறா, அவ்ளோதான்."

சிரிக்க வேண்டிய இடம் என்று சுந்துஸுக்குப் புரிந்தது. உதடு ஒத்துழைக்கவில்லை.

காலையில் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றாள் டலெந்தா. பகலில் வெளிச்சமும் பேச்சும் வேண்டும். பொழுது சாய்ந்ததும் தினமும் ஒரே நேரத்தில் குளியல், பால், மங்கிய விளக்கு. பழக்கம் மாறப் பத்து நாளாவது ஆகும். வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் வரச் சொன்னாள். பிள்ளைக்காக அல்ல, உனக்காக என்றாள். பிறகு ஹம்தியின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். "பஸ் ஸ்டாப் விஷயத்த நான் சொல்லமாட்டேன். சொல்றதும் விடறதும் உன் இஷ்டம்."

டலெந்தா போன் செய்த ஒரு மணி நேரத்தில் ஹம்தி வந்தான். சட்டையில் எண்ணெய் வாடை. கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. டலெந்தா சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டான்.

"பகல்ல தூங்கலன்னா மெஷின்ல கை போயிடும், மதாம்."

"தூங்காதன்னு யாரு சொன்னா? எடத்த மாத்திப் படு."

ஆலைக்குப் பின்னால் தொழிலாளிகள் படுக்கும் அறை ஒன்று உண்டு என்று தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டான். அங்கே போகுமுன் தினமும் ஒரு மணி நேரம் பிள்ளையை வெயிலுக்குத் தூக்கிப்போக வேண்டும், அந்த நேரம் இவள் தூங்க வேண்டும், பகல் தூக்கத்தில் இவளுக்கு அது முதல் தவணை என்றாள் டலெந்தா. அவன் தலையாட்டினான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் சுந்துஸ் சொன்னாள்: "நேத்து நான் வெளிய போயிருந்தேன்."

"தெரியும்." அவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கதவு சத்தம் கேட்டுச்சு. இவ அழுதா. ரொம்ப நேரம் அழுதா. எந்திரிக்கணும்னு நெனச்சேன். எந்திரிக்கல."

அவள் தனக்குள் கோபம் வருமென்று காத்திருந்தாள். அது தூரத்தில் எங்கோ இருந்தது, ஊசி போட்ட பிள்ளைகளின் அழுகைபோல. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சற்றுக் கழித்து அவன் குனிந்து அவள் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, மெலெக்கோடு கீழே இறங்கிப் போனான். சுந்துஸ் செருப்போடு கட்டிலில் விழுந்தாள். தூக்கம் வரவில்லை. உடம்பு பிள்ளையின் அழுகைக்காகக் காத்துக் கிடந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

மூன்று மாடிக்குக் கீழே, ரொட்டிக்கடைச் சுவரில் சாய்ந்து ஹம்தி வெயிலில் நின்றிருந்தான். கண்கள் மூடியிருந்தன, தலை தொய்ந்திருந்தது. மெலெக் விழித்திருந்தாள். அப்பன் காலரைச் சப்பியபடி, போகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் கண்ணைச் சுருக்கித் தலையைத் திருப்பினாள். அவன் கைகள் அவளைச் சுற்றிக் கோத்திருந்தன. அவை தளர்கின்றனவா என்று பார்த்தபடி சுந்துஸ் ஜன்னலிலேயே நின்றாள்.