ஆமாவா, இல்லையா?

கல்லூரி முதல்வர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றியதும் வக்கீலம்மா சாக்பீஸைக் கையில் எடுத்தாள். பதினெட்டு வருஷம் நீதிபதிகள் முன்னால் நின்றவள். மாணவர்கள் முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. அரை மணி நேர மாதிரி வகுப்பு. தேறினால் இந்தச் சட்டக் கல்லூரியில் வேலை. தேறாவிட்டால் திரும்பிப் போக இடமில்லை. போன மாதமே அலுவலகத்தைக் காலி செய்து, கறுப்பு அங்கியை ஜூனியரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று.

ஏன் விட்டாய் என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. அலுத்துப்போச்சு என்று எல்லோருக்கும் ஒரே பதில். கணவன் மட்டும் நம்பவில்லை. "வீட்ல இருக்கற ரெண்டு பேரையே முழுசா பேச விடமாட்டே. அங்க அறுபது பேரு, பாத்துக்கோ" என்று காலையில் சீண்டி அனுப்பியிருந்தான். கோர்ட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே 'ஆமா-இல்ல அம்மா'. சாட்சி அதற்கு மேல் ஒரு வார்த்தை எடுத்தால் உள்ளங்கையை உயர்த்துவாள். பேச்சு அப்படியே அறுந்துவிடும்.

பாடம், குறுக்கு விசாரணை. மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டு, சாட்சியாக யாராவது வாருங்கள் என்றாள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒல்லியாக ஒரு பெண், அவள் கூப்பிட்டு முடிப்பதற்குள் எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

"பதில் தெரியாத கேள்விய சாட்சிகிட்ட கேக்கவே கூடாது. இதான் முதல் பாடம்" என்று வகுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு வக்கீலம்மா ஆரம்பித்தாள். இன்று வகுப்புக்குத் தாமதமாகத்தானே வந்தீர்கள்? ஆமா, ஆனா, என்றாள் பெண். உள்ளங்கை உயர்ந்தது. கையில் நோட்டு இருக்கிறதா? இல்ல, ஆனா. மறுபடி உள்ளங்கை. வகுப்பு சிரித்தது. முதல்வர்கூடச் சிரித்தபடி என்னவோ எழுதிக்கொண்டார்.

"எங்கப்பாவையும் இப்படித்தான் நிறுத்தினீங்க, மேடம்."

ஒரு மூலையில் மிச்சமிருந்த சிரிப்பும் அடங்கியது. பெண் குரலை உயர்த்தவில்லை. ஃபேக்டரி வாட்ச்மேன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, என்று மட்டும் சொன்னாள். வேறு அடையாளம் தேவைப்படவில்லை. மெஷினில் கை போன தொழிலாளியின் வழக்கு. வக்கீலம்மா கம்பெனி பக்கம். மெஷினின் பாதுகாப்புத் தடுப்புக் கம்பியைக் கம்பெனி கழற்றிப் போட்டிருந்ததை முப்பதடி தூரத்திலிருந்து பார்த்தேன் என்று சொன்ன ஒரே சாட்சி அந்த வாட்ச்மேன். அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தீர்களா, ஆமாவா, இல்லையா? இல்லீங்க, ஆனா... உள்ளங்கை. மூன்று முறை. தொழிலாளியின் வக்கீலுக்கு அதைத் தோண்டத் தோன்றவில்லை. வழக்கு அங்கேயே முடிந்தது. கூண்டிலிருந்து இறங்கிய மனிதர், கேட்க ஆளில்லாமல், தனக்குள் என்னவோ சொல்லிக்கொண்டே வெளியே போனார். அசைந்துகொண்டிருந்த அந்த உதடுகள்தான் ரெண்டு வருஷமாகக் கண்ணிலேயே நின்று அவளைத் தொழிலைவிட்டே துரத்தின. அதை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

முதல்வர் கனைத்தார். "பாடத்துக்கு வாங்க, மேடம்."

வழி திறந்துதான் இருந்தது. முடிந்த வழக்கைப் பற்றி இங்கே பேசக்கூடாது, இடத்துக்குப் போம்மா என்றால் போதும். வேலை கைக்கு வந்துவிடும்.

"அது படிக்கறதுக்கு மட்டும் போடற கண்ணாடி" என்றாள் பெண். "தூரத்துல இருக்கறது அப்பாவுக்கு நல்லாவே தெரியும். பதில் தெரியாம நீங்கதான் கேக்க மாட்டீங்களே. அன்னிக்கே இது உங்களுக்குத் தெரியுமா? ஆமாவா, இல்லையா?"

படிக்க மட்டும் கண்ணாடி என்று எழுதிய கண் டாக்டரின் சீட்டு, அந்த வழக்குக் கோப்பின் நடுவில் நான்காக மடித்து இருந்தது. மடித்து வைத்தவள் அவளேதான்.

"ஆமா" என்றாள்.

கடைசி பெஞ்சில் பேனா நின்றது. அறுபது முகங்களும் அவளையே பார்த்தன. நாக்கு நுனியில் 'ஆனா' வந்து நின்றது. பதினெட்டு வருஷத்தில் அவள் பிறரிடம் வெட்டிப் போட்ட சொல். தன் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. பார்வை தானாக நாற்காலிப் பக்கம் போயிற்று.

அந்தப் பெண்ணின் கை மடியிலேயே இருந்தது. உயரவில்லை.