ரஸ்ரி மெலிந்த குளிர்காலம்

கனடாவில், றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே, மற்றவர்களின் குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் பண்ணை ஒன்றில் அருள்நாயகி வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம். அதற்கு முன்னர் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கினாள். பெட்டிகளைவிடக் குதிரைகள் பரவாயில்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்வாள்.

ரஸ்ரிக்கு இருபத்துமூன்று வயது. ஷாமிலாவின் குதிரை. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தகப்பன் வாங்கிக் கொடுத்தது. இப்போது அவள் பல் வைத்தியர். மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய காரியம். ஒக்ரோபரில் வந்தவள் அதன் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள்.

"அன்ரி, இவன் நல்லாக் கொழுத்திட்டான். புல்லைக் குறையுங்கோ. வின்ரருக்குள்ள மெலியட்டும்."

அருள்நாயகி அப்படியே செய்தாள். பகலில் வயலில் பனிக்கடியில் கிடந்த பழைய புல்லை மேயவிட்டு, காய்ந்த புல்லைப் பாதியாக்கினாள். வாராவாரம் நெஞ்சைச் சுற்றி அளவுநாடா பிடித்தாள். அளவு பெரிதாக இறங்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, மயிரில் ஒட்டியிருந்த பனிக்கட்டியை எடுக்கக் கையுறையைக் கழற்றினாள். விரல்கள் விலா எலும்புகளுக்கு இடையில் இறங்கின. குளிருக்கு அடர்ந்திருந்த மயிர் அத்தனையையும் மூடியிருந்தது.

உடனே ஷாமிலாவுக்குப் போன் அடித்தாள்.

"பிள்ளை, ரஸ்ரி அளவுக்கு மீறி மெலிஞ்சுபோனான்."

"நீங்கள் அனுப்பின போட்டோவில குண்டாத்தானே நிக்கிறான்?"

"அது மயிர். ஒருக்கா வந்து கையை வைச்சுப் பாரும்."

அன்றைக்கே அருள்நாயகி அவளைக் கேட்காமல் பழைய அளவுப் புல்லைப் போட்டாள். உடைமைக்காரர் சொல்லை மீறியது அதுதான் முதல் தடவை. ஆனால் மறுநாள் வயலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பாதி மென்று துப்பிய புல் உருண்டை உருண்டையாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷாமிலா கொஞ்சம் சினத்தோடுதான் வந்தாள். அருள்நாயகி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, கையை மயிருக்குள் அழுத்தினாள். ஷாமிலா ஒவ்வோர் எலும்பாகத் தடவிக்கொண்டே போனாள். பிறகு குனிந்து ஓர் உருண்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"சப்பேலாமல் துப்பிறான்," என்றாள் அருள்நாயகி.

"நான் பல் டொக்டர், அன்ரி. இவன்ர வாயை ஒருநாளும் பாக்கேல்லை."

செவ்வாய்க்கிழமை மிருக வைத்தியர் வந்தார். ஒரு கடைவாய்ப்பல் உடைந்து, அதன் கூர் கன்னத்தைக் கிழித்திருந்தது. அராவிச் சரிசெய்தார். புல்லுக்குப் பதிலாக ஊறவைத்த தீனி, நாளைக்கு நாலு தரம். கடும் குளிருக்குப் போர்வை. எடை மெல்லத்தான் ஏறும், ஒரேயடியாகக் கொடுக்கவேண்டாம் என்றார்.

மார்ச் முடிவில் விலா எலும்பைத் தொட்டறியக் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. ரஸ்ரி மெதுவாகச் சாப்பிடும், ஒரு நேரத்துக்கு அரை மணித்தியாலம். பக்கத்து வயல் குதிரை வந்து பறிக்காமல் அருள்நாயகி வாளியோடு நின்றுகொள்வாள். சனிக்கிழமைகளில் அந்த வாளியை ஷாமிலா பிடித்தாள்.