கயிற்றில் பிடித்து வந்த சைக்கிள்

இப்போது மினிபஸ் வந்து நின்றால், இறங்குகிறவனை மிதித்துக்கொண்டு ஏறுகிறார்கள். செருப்புக்கு அடியில் அடுத்தவன் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கக்கூட ஆளில்லை. பெரியமடைக் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் படகு ஓடிய காலத்தில் அத்தனை சனமும் வரிசையில் நின்றுதான் ஏறியது.

எண்பத்தைந்தாம் வருஷத்து அடைமழையில் கண்மாய் நிறைந்து, கரை மேல் போன ரோட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தெற்குக் கரைக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போவதென்றால் ராஜபாளையம் போய்ச் சுற்றி வர வேண்டும். பட்டாளத்தில் ஆற்றுக்குப் பாலம் போடுகிற பிரிவில் இருந்து பென்ஷனில் வந்திருந்த ஞானதுரை, பலகை அடித்துப் படகு ஒன்று செய்தார். இரண்டு கரையிலும் இருந்த பனைகளுக்கு நடுவே வடம் கட்டி, அதைப் பிடித்து இழுத்து ஓட்டினார். இரண்டு வருஷத்தில் தண்ணீர் வற்றியது. வற்றியதைப் படகிடம் யாரும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு வடத்தை இழுத்தார், அது பாட்டுக்கு வெடித்துக் கிடந்த கரம்பை மண்ணுக்கு மேலே முழங்கால் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. தரையில் இறங்கி நடந்தால் என்ன என்று கேட்பீர்கள். உள்ளே சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. செருப்பையே துளைக்கிற முள். சைக்கிளை இறக்கினால் இரண்டு டயரும் போச்சு.

ஆனால் சைக்கிளைப் படகிலும் ஏற்ற முடியாது. நடந்து வருவோர் மட்டும், வண்டி கிடையாது என்று ஞானதுரை தாரில் எழுதி வைத்திருந்தார். பட்டாளத்துக்காரர், எழுதினால் எழுதியதுதான். ஆடு, கோழி, புண்ணாக்கு மூட்டைக்கெல்லாம் தடை இல்லை.

இதில் மாட்டிக்கொண்டவன் பால்காரன் சீனிச்சாமி. தெற்குக் கரையில் வீடு வீடாகக் கறந்த பாலை இரண்டு கேன்களில் ஊற்றி, சைக்கிளில் தொங்கவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜரத்தினத்தின் பால்கோவா அடுப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வடகரையில் இறங்கியும் ஊருக்கு வெகுதூரம். கேனைத் தலையில் சுமந்து போக முடியாது. ராஜபாளையம் சுற்றிப் போனதில் பால் இரண்டு முறை திரிந்துவிட்டது. இன்னொரு தடவை திரிந்தால் மில்லு வேலைக்கே போய்விடு என்று ராஜரத்தினம் சொல்லிவிட்டார். சீனிச்சாமிக்கு மில் என்றால் சாவு. முன்பு கொஞ்ச நாள் நூல் மில்லில் இருந்தபோது பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய், இருமினால் வெள்ளையாக வந்தது. அந்த வேலைக்குத் திரும்பினால் ஆள் தேற மாட்டான் என்று அவன் பெண்சாதி குருவம்மாளுக்கும் தெரியும்.

ஆகவே அவன் படகுத் துறையில் போய் நின்று ஞானதுரையிடம் நியாயம் பேசினான்.

“நான் ஏறி வரலையே அண்ணாச்சி. உருட்டிக்கிட்டுத்தான வாரேன்.”

“உருட்டுனாலும் வண்டி வண்டிதாம்ல. ஆடு மேய்க்கிற பாலம்மா ஆட்டோட வாரா, அவளைப் பாரு. அவ நடந்து வாரவ.”

அவன் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லவும், குருவம்மாள் செத்த நேரம் யோசித்தாள். பிறகு கிடாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டினாள்.

மறுநாள் காலையில் சீனிச்சாமி முன்னால் நடக்க, கயிற்றுக்குப் பின்னால் சைக்கிள் வந்து வரிசையில் நின்றது. ஞானதுரை அதை முன்னும் பின்னும் சுற்றி வந்து பார்த்தார். எழுதிய சட்டத்தை மனதுக்குள் ஒரு முறை படித்தார்.

“கடிக்குமா?”

“கடிக்காது அண்ணாச்சி.”

“சரி, ஏத்து.”

அதிலிருந்து பால் திரியவில்லை. சில மாதத்தில் சைக்கிளுக்குக் கயிறு பழகிவிட்டது. முதலில் ஸ்டாண்டு போடாமல் நின்றது. அப்புறம் கயிறு தளர்ந்து கிடந்தாலும் அவன் பின்னாலேயே வந்தது. படகில் பாலம்மாளின் ஆடுகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் அதன் செயினில் பூவரச இலை பாதி மென்றபடி இருக்கிறதென்று ஊரே போய்ப் பார்த்தது. நானும் பார்த்தேன். செயினில் எவன் வேண்டுமானாலும் இலையைச் செருகலாம். மில்லுக்குப் போகிற பயல்களும் ஆளுக்கொரு கயிறு வாங்கினார்கள். அவர்களுடையவை ஒன்றும் பழகவில்லை, வெறுமனே இழுபட்டு வந்தன.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் மலையில் பேய்மழை. விடிந்து பார்த்தால் கண்மாய் கரை தட்ட நிற்கிறது, ராஜபாளையம் போகிற வழியும் முங்கிவிட்டது. ஞானதுரை வடத்தை இழுத்தார். இத்தனை வருஷம் காய்ந்த தரைமேல் ஓடிப் பழகிய படகு தண்ணீரைக் கண்டதும் கூச்சப்பட்டு, எருமை மாதிரி கரையோரத்திலேயே படுத்துவிட்டது. ஆட்கள் சேர்ந்து தள்ளியும் எழவில்லை. வெயில் ஏற ஆரம்பித்தது. சீனிச்சாமி கேனைத் திறந்து மோந்து பார்ப்பதும் மூடுவதுமாக நின்றான். அதற்குள்ளாகவே அவனுக்கு இருமல் வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைக் கீழே விட்டான்.

சைக்கிள் தானாக நகர்ந்து தண்ணீருக்குள் போனது. டயர் மட்டும் நனையும்படி மேலாக நின்று, திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹேண்டில்பாரை ஒடித்தது. குருவம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, கயிற்று நுனியைப் படகு மூக்கில் கட்டினாள். படகு மெதுவாக எழுந்தது. கூட நின்று வந்த ஆள் முன்னால் போகிறது என்ற தைரியமாக இருக்கலாம்.

ஞானதுரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஏலே, நம்மள ஏத்திக்கிடுமா?”

“கேட்டுப் பாக்கணும் அண்ணாச்சி.”

சைக்கிள் மணி ஒரு தடவை அடித்தது. வரிசையில் நின்றபடியே எல்லோரும் ஏறினார்கள். கேன் இரண்டும் சைக்கிளில் தொங்க, சீனிச்சாமி அன்றைக்கு மட்டும் வெறுங்கையோடு படகில் உட்கார்ந்து போனான். பால் திரியவில்லை. ராஜரத்தினம் மோந்து பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார். தண்ணீர் நின்ற மட்டும் சைக்கிள் இழுத்தது, வற்றிய பிறகு பழையபடி ஏறிப் போனது. தொண்ணூற்றாறில் பாலம் வந்து, படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள். மில் வேலைக்குப் போகாமலே சீனிச்சாமிக்கு மீசை நரைத்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். பள்ளத்தில் அவன் வீடு. வாசலில் கிடாய்க்குப் பக்கத்து முளையில் சைக்கிள் கட்டிக் கிடந்தது. சீட்டில் கை வைத்தேன், கதகதப்பாக இருந்தது. வெயிலில் நிற்கிற சைக்கிள் சுடத்தான் செய்யும்.

“பெரியப்பா, அது உங்க கூட வரப் பாக்கு. ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க” என்றாள் குருவம்மாள்.

நான் தட்டவில்லை. பின்னால் சக்கரம் உருளுகிற சத்தமும், பொறவு கயிறு விறைக்கிற சத்தமும் கேட்டது. சரிவில் விட்டால் எந்தச் சைக்கிளும் உருளும் என்று அவளிடம் சொல்லிவிட்டு, மேட்டில் ஏறி நடந்தேன்.