அரை மணிக்கு ஒரு குரல்

திட்டத்தை ஒரே தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார் பல் டாக்டர். ஊரில் பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் வைத்திருக்கும் பதினான்கு பேரின் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தாள் பறக்காமலிருக்க மேசையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து மேலே வைத்தார். அது யாருடையது என்று உறைத்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்," என்றாள்.

கணவர் இறந்து எட்டு மாதமாகியும் அந்த அறையில் அவள் அணைக்காமல் வைத்திருந்தது ஒரு சின்னக் கணினியும் அதோடு பிணைத்த ரேடியோவும்தான். ஊருக்குள் ஒருவர் கைக்கருவியில் பேசினால், அது இணையம் வழியாக மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரை எட்டும். திட்டப்படி இனிமேல் ரேடியோ டாக்டரின் கிளினிக் மாடிக்குப் போகும். கணினியின் வேலையை வாடகை சர்வர் பார்த்துக்கொள்ளும்.

"இங்க கரண்ட் போனா எல்லாம் படுத்துடுது அண்ணி. போன வாரம் மலையில ஒருத்தர் வண்டி கவுந்து கூப்பிட்டிருக்கார். நம்ம பக்கம் செத்துக் கெடந்துது." சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

'ஒரு வீட்டு ப்ளக்க நம்பி இத்தன பேரா' என்று கணவரே புலம்பியதுண்டு. ஆனால் அவள் கண் ஏழாவது வரியில் நின்றுவிட்டது: நிலையத்தின் பெயர் மாறுவதால் பழைய அறிவிப்பு நிறுத்தம்.

விதிப்படி நிலையம் அரை மணிக்கு ஒருமுறை தன் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் தன் குரலிலேயே பதிந்திருந்தார். பதியும்போது அவள் அடுப்படியிலிருந்து "ஏங்க, பால் பொங்குது" என்று கத்த, பொத்தானை விடுவதற்குள் "வந்துட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டார். அப்புறம் மாத்திக்கலாம் என்றவர் ஆறு வருடமாக மாற்றவேயில்லை. சங்கத்தில் அவர் பெயரே 'வந்துட்டேன்' என்றாகிப்போனது.

"அத உங்க ஃபோன்ல போட்டுத் தர்றேன் அண்ணி. எப்ப வேணா கேக்கலாம்."

"நான் தட்டினா பேசறது ஃபோன். இது அவரா பேசறது. கைவேலையா இருப்பேன், எல்லாத்தையும் மறந்திருப்பேன், அப்பப் பாத்து வரும்."

டாக்டர் தாளை மடித்தார். "அப்ப விட்டுடலாம். கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"வண்டிக்காரர் எப்படி இருக்கார்?"

"கால்ல கட்டு. பொழச்சுக்கிட்டார். மூணு மணி நேரம் கூப்பிட்டிருக்கார், பாவம்."

மூன்று மணி நேரம். கரண்ட் இருந்திருந்தால் அதற்குள் ஆறு 'வந்துட்டேன்' போயிருக்கும். ஒன்றுகூடப் போகவில்லை.

"கழட்டுங்க," என்றாள். அவர் கை ஒயரைத் தொட்டதும், "இருங்க. பதினொண்ணரை ஆகட்டும்." கடிகாரத்தில் பதினொன்று இருபத்தாறு. "காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கதவிடுக்கில் ரேடியோ தெரியும். ஏடு மெல்ல உப்பி விளிம்புக்கு ஏறியது. அடுப்புத் திருகில் கை வைத்திருந்தாள், திருப்பவில்லை. அறையில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டு, பேச்சுக்கு முன் வரும் சிவப்பு விளக்கு எரிந்தது.