சட்டைப்பையில் கண்ணாடி

சனிக்கிழமை அவசர அழைப்புக் கைப்பேசியை யார் சுமப்பது என்பது வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் சீட்டாட்டத்தில் முடிவாகும். லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் மேலாளரும் அதற்குக் குறுக்கே நிற்பதில்லை. பந்தயத்துக்குக் காசு கிடையாது, வாஷர்தான். ஆளுக்கு ஐம்பது. எல்லாவற்றையும் இழந்தவருக்குக் கைப்பேசி.

இந்த வாரம் ஆட்ட முறை இருவருக்கு. அங்கே மெக்கானிக்காக இருக்கும் அவளுக்கு எதிரே உட்கார்ந்தவர் புல்டோசர். இருபது வருட மெக்கானிக். என்ன சீட்டு வந்தாலும் வாஷரை முன்னே தள்ளுவார். அதனால் வந்த பெயர்.

அவளுக்கு இந்தச் சனிக்கிழமை வேண்டும். அன்றுதான் அக்காவின் மூன்றாவது நீச்சல் போட்டி. அக்கா தன் ஐம்பத்தொரு வயதில் நீச்சல் கற்று, போட்டிகளில் இறங்கியிருந்தாள். முதல் இரண்டு போட்டிகளின்போதும் எங்கோ யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டு இவளிடமிருந்த கைப்பேசி அடிக்க, இவள் பாதியில் எழுந்து ஓடினாள். "சுவரைத் தொட்டுட்டு நிமிர்ந்து பார்த்தா உன் நாற்காலி காலி" என்று அக்கா சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் உறுத்தியது.

உதிரிபாகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் சீட்டைக் கலைத்துப் போட்டார். கையில் இரண்டு சீட்டு. மேசை நடுவே இருவருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக. சீட்டைப் பார்க்கும் முன்பே ஆளுக்கு இரண்டு வாஷர் வைத்தாக வேண்டும். சும்மா இருந்தாலும் கையிருப்பு கரையும். எதிராளி தள்ளியதற்குச் சமமாக வைக்காமல் சீட்டைக் கவிழ்த்தால் நடுவிலிருப்பது அவருக்கு; கடைசிவரை நின்றால் ஜோடி, வரிசை என்று யாருக்குப் பெரிதாகச் சேர்ந்திருக்கிறதோ அவருக்கு.

அவளுக்கு மூன்றும் எட்டும் வந்தன. பிறகு இரண்டும் ஒன்பதும். பிறகு ஐந்தும் பத்தும். அதற்குப் பிறகும் ஐந்து ஆட்டம் உருப்படியாக எதுவும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் தள்ளினார். அவள் சீட்டைக் கவிழ்த்தாள்.

"என்ன தாயே, சீட்டைத் தொட்டா ஷாக் அடிக்குதா?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தாலே அடிக்குது அண்ணே."

"இவ இப்படிக் கவுத்துக்கிட்டே இருந்தா மேசைக்குப் பாலிஷ் ஏறிடும்" என்றார் ஸ்டோர்காரர்.

போன மாதம் இதே கேலிக்கு ரோஷப்பட்டு, ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு அவள் எதிர்த்துத் தள்ளித் தோற்றிருந்தாள். இம்முறை வாய் மட்டும் பேசியது. கை பொறுத்திருந்தது.

அப்போது ஒரு ஆட்டத்தில் அவர் உடனே தள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மாட்டிக்கொண்டு சீட்டை மறுபடி பார்த்தார். மூன்றே வாஷரை மெதுவாக நகர்த்தினார். அவள் கவிழ்த்தாள். ஏமாற்றம் தாங்காமல் அவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார்: இரண்டும் ஆஸ், இருப்பதிலேயே பெரிய ஜோடி.

அவளிடம் முப்பத்திரண்டு வாஷர் மிஞ்சியிருந்தது. ஆனால் பொறி தட்டிவிட்டது. ஆறு வருடமாக மோட்டார் அறைகளில் அவர் பக்கத்தில் நின்றவள் அவள். பழுது எங்கே என்று பிடிபட்டுவிட்டால் மனிதர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைப்பார். பிடிபடாதபோதுதான் கண்ணாடி மறந்துபோகும். கைக்கு அகப்பட்டதையெல்லாம் கழற்றி மாட்டி ஒரே ஆர்ப்பாட்டம்.

அடுத்து அவளுக்கு வந்தது ஒன்பதும் நாலும். நடுவே ராஜா, ராணி, ஒரு நாலு. அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார்.

"அஞ்சு!"

"சரி."

நான்காவதாக ஏழு விழுந்தது.

"பத்து! ஓடிடு தாயே."

"கால் வலிக்குது அண்ணே. உட்கார்ந்துக்கறேன்."

கடைசிச் சீட்டு இரண்டு. அவர் தன் குவியல் முழுவதையும் புறங்கையால் தள்ளினார். வாஷர்கள் மேசையெங்கும் உருண்டன. அவளிடம் பதினைந்துதான் பாக்கி. இருப்பதோ அற்ப ஜோடி, இரண்டு நாலு. மேசையில் ராஜாவும் ராணியும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சும் வெச்சேன்."

புல்டோசரின் சிரிப்பு நின்றது. மெல்லத் திருப்பினார்: ஜாக்கியும் பத்தும். வரிசை சேர ஒரு ஆஸோ ஒன்பதோ விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

"வெறும் நாலை வெச்சுக்கிட்டா என்னை நிறுத்தினே?"

"நாலு போதும்னு தெரிஞ்சுது அண்ணே."

ஸ்டோர்காரர் மேசையைத் தட்டிக் கூவினார். ஆத்திரத்தில் அடுத்த இரண்டு ஆட்டங்களில் மீதி வாஷரையும் புல்டோசரே கொண்டுவந்து கொட்டினார். இம்முறை அவளிடம் நல்ல சீட்டு இருந்தது. கண்ணாடி பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

இடைவேளை முடியும் மணி அடிக்குமுன் அவள் அக்காவை அழைத்தாள்.

"நாளைக்கு வர்றேன். கடைசிவரை இருப்பேன்."

"அந்த ஃபோன்?"

"அது இப்ப வேற ஒருத்தர் சட்டைப்பையில இருக்கு. கண்ணாடிக்குப் பக்கத்துல."