முகவரியின் காலி இடம்

பாசிர் கூடாங் தொழிற்சாலையின் மெயின்ஃப்ரேம் கணினி மாற்றத்தைக் கால்வின் ராக்கெட் படம் போட்டு விளக்கினார். கோலாலம்பூரிலிருந்து வந்த ஆலோசகர். மூச்சு விட வேண்டிய இடங்களிலெல்லாம் ‘எதிர்காலம்’ என்றார். விஷயம் இவ்வளவுதான்: பழைய நிரல்கள் முப்பத்திரண்டு பிட் இடத்தில் இருபத்து நான்கில் மட்டும் நினைவக முகவரியை எழுதின, இனி முப்பத்தொன்று.

மறுவாரமே ஷிஃப்ட் பட்டியல் போடும் நிரல் விழுந்தது. ஒவ்வொரு முகவரிக்கும் முன்னால் இருந்த எட்டு பிட்டில் யாரோ எதையோ எழுதி வைத்திருந்தார்கள். பழைய முறையில் இயந்திரம் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. புதிய முறையோ அதையும் முகவரி என்று படித்து, இல்லாத இடத்தில் போய் முட்டிக்கொண்டது.

"குப்பை" என்று கால்வின் துடைத்தார். நிரல் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள், பேக்கிங் பகுதி வாசுகி கணினி அறைக்கு வந்து மூத்த நிரலாளர் சந்திரமதியின் முன்னால் நின்றாள்.

"அக்கா, என்னைக் காலை ஷிஃப்ட்ல போட்டிருக்கு, வீட்டுக்காரரை நைட்ல. வீட்ல இருக்கறது ஒரே மோட்டார் சைக்கிள். நான் பஸ்ஸுக்கு ஓடுறேன்."

"குணாளன் என்ன சொல்றான்?"

"பாத்தாத்தானே சொல்றதுக்கு! நான் வீட்டுக்கு வர்றப்ப அவர் தூங்குறார். மாசாய் வீட்லேருந்து மோட்டார்ல இங்க வர்ற இருபது நிமிஷந்தான் நாங்க பேசுற நேரமே. செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்ச சண்டை பாதியில நிக்குது லா."

சந்திரமதி நாற்காலியில் சாய்ந்தாள். அந்தக் குப்பையைப் போட்டவளே அவள்தான். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் நினைவகத்தில் இடம் தட்டுப்பாடு. காலி பிட்டில் எதையாவது செருகி வைப்பது அன்றைக்கு எல்லா நிரலாளர்களுக்கும் பழக்கம், இடுப்பில் சாவி செருகுவதுபோல. ஒவ்வொரு ஊழியரின் பதிவைக் காட்டும் முகவரியிலும் அவள் செருகி வந்த குறி: இவர்கள் ஒரே மோட்டாரில் வரும் தம்பதி, பிரிக்காதே.

நேரே கால்வினிடம் போனாள்.

"சார், இந்த ஒரு நிரலை மட்டும் பழைய முறையில ஓட்டணும்."

"மேடம், பின்னாடி போகக் கூடாது. எதிர்காலம்னு வந்துட்டா..."

"நீங்க வாங்கின மெஷினுக்கே பழசு மேல மரியாதை இருக்கு சார். இருபத்து நாலுன்னு ஒரு வார்த்தை குறிச்சிட்டா, அந்த நிரலை, பழசுக்கு எட்டுற கீழ்ப் பதினாறு மெகாபைட்டுக்குள்ள உக்கார வச்சுப் பாத்துக்கும். புதுசு பாட்டுக்குப் பக்கத்துல ஓடும்."

கால்வின் கையேட்டைப் புரட்டினார். இருந்தது.

"அந்த எட்டு பிட்டுல அப்படி என்னதான் இருந்துச்சு?"

சொன்னாள். அவர் கையேட்டை மூடினார்.

"என் ஸ்லைட்ல இதுக்கு இடமே இல்லையே மேடம்."

"ராக்கெட்டுக்குக் கீழ கொஞ்சம் இருக்கு சார்."

அன்றுதான் கால்வின் சிரித்ததை அலுவலகம் முதலில் பார்த்தது. துடைப்பதற்கு முந்தைய நகலைச் சந்திரமதி திரும்ப ஏற்றினாள். ‘மரபு ஒத்திசைவு உத்தி’ என்று அவர் புதிதாக ஒரு ஸ்லைடு சேர்த்துக்கொண்டார். பழக்கம் விடுமா?

திங்கட்கிழமை மாலை தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே ஒரே மோட்டார் நின்றது. குணாளன் உதைத்துக் கிளப்பினான். வாசுகி பின்னால் ஏறினாள்.

"செவ்வாய்க்கிழமை என்ன சொன்னீங்க?"

"எந்தச் செவ்வாய்?"

"அலமாக்! மறந்துட்டீங்களா?"

அவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அதே கையால் அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாவே போங்க. பேச வேண்டியது நிறைய இருக்கு."