சுவருக்கு அந்தப் பக்கம் இன்வெர்ட்டர்

ஒரே வீட்டை ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்ட அண்ணன் தம்பி அவர்கள். அண்ணன் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் லேத்துக்காரர்தான். தம்பி டவுன் பஸ் ஓட்டுகிறவன். பேச்சுவார்த்தை நின்றுபோகவில்லை. பேசுவார்கள், பேசும்போது இரண்டு குரலும் ஒரு படி ஏறியே இருக்கும். காற்று வருகிற பாதி தம்பிக்குப் போய்விட்டதே என்று அண்ணனுக்கு ஆற்றாமை. பெரிய கூடம் அண்ணனுக்குப் போய்விட்டதே என்று தம்பிக்கு.

தம்பியின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. படுக்கையில் போட்டதும் குழந்தை வீறிட்டு அழும். தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் அடங்கும். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்பதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் விழித்திருப்பது? கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் போனில் எதையோ தேடப்போய், தலைமாட்டில் மின்சாரப் பெட்டிகள் இருந்தால் மின்காந்த அலை குழந்தைகளுக்கு ஆகாது என்று யாரோ அடித்துப் பேசுவதைக் கேட்டாள். அவர்கள் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லேத்துக்காரர் வீட்டு இன்வெர்ட்டர், பேட்டரி, வைஃபை பெட்டி எல்லாம். சுவரில் காதை வைத்தால் உர்ரென்று கேட்கும்.

தன் பக்கத்தில் முடிந்ததை அன்றைக்கே செய்தாள். போன்கள் சமையலறைக்குப் போயின. படுக்கையறையில் சார்ஜர் சொருகக் கூடாது என்றாள். கட்டிலைத் திருப்பலாமென்றால் ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் பீரோ, மிச்சமிருந்த பக்கம் மழைக்கு ஒழுகும். கடைசியில் சுவர் முழுக்க அலுமினியத் தாளை ஒட்டினாள்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த லேத்துக்காரர் மனைவி, மூத்தவள், "என்னடி, சுவத்தைப் பொட்டலம் கட்டி யாருக்கு அனுப்பப் போற?" என்றாள்.

"வாங்குறதுக்கு ஆள் இருந்தா உங்க வீட்டுக்காரரையும் சேர்த்துக் கட்டி அனுப்பிடலாம்க்கா," என்றாள் இவள். இருவருமே சிரித்தார்கள். சிரிக்க முடிந்த கடைசித் தடவை அதுதான்.

டிரைவர், தன் பஸ் டெப்போ எலக்ட்ரீஷியனிடம் அலையை அளக்கிற ஒரு சின்னக் கருவியை இரவல் வாங்கி வந்தான். சுவரருகே பிடித்தால் எண் எகிறியது. பின்னால் நகர நகர விழுந்தது. தாள் இருந்தாலும் எடுத்தாலும் ஒரே எண். தள்ளி வைப்பதுதான் வழி என்று இருவருக்கும் புரிந்தது. குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம் போனான்.

"அண்ணே, அந்த இன்வெர்ட்டரை மட்டும் கூடத்துப் பக்கம் தள்ளி வெச்சிடுங்க. ஆளை நானே கூட்டிட்டு வரேன். பிள்ளை தூங்க மாட்டேங்குது."

"கரண்ட் சுவர் ஏறிக் குதிச்சு வந்து உன் பிள்ளையைக் கிள்ளுதாடா? நான் காலமெல்லாம் மோட்டார் பக்கத்துலயே நிக்கிறேன். எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"முளைச்சாலும் உங்களுக்குத் தெரியாது. அவ்வளவு தலைக்கனம்."

லேத்துக்காரர் வாயைக் கொப்பளித்துத் தம்பியின் காலடியில் துப்பினார். "கூடம் எனக்கு வந்ததுதானே உனக்குக் கண்ணை உறுத்துது? நேரா சொல்லேன்."

அடுத்த விடுமுறை நாள் காலையில் அவர் வேண்டுமென்றே அதே சுவரில் ஒரு ஸ்டெபிலைசரையும் மாட்டக் கிளம்பினார். இந்தப் பக்கம் அவள் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். டிரில் சத்தம் சுவரோடு சேர்ந்து பற்களிலும் இறங்கியது. "மாமா, போதும்! சுவர் தாங்காது!" என்று கத்தினாள். கேட்கவில்லையோ, கேட்டும் விடவில்லையோ. டிரில் முனை தாளைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கூடவே பெயர்ந்த காரைக்கட்டி குழந்தையின் நெற்றியில் விழுந்தது. ரத்தம் புருவத்தில் இறங்கியதும் அவள் போட்ட அலறலில் டிரைவர் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடி வந்தான். பார்த்தான். பீரோவுக்கடியில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனான்.

கதவை உதைத்துத் திறந்தவன் முதலில் இன்வெர்ட்டரைத்தான் அடித்தான். நீலப் பொறி தெறித்தது. வைஃபை பெட்டியைப் பிடுங்கித் தரையில் அறைந்தான். ஸ்டூலிலிருந்து இறங்கிய லேத்துக்காரர் கையிலிருந்த டிரில்லாலேயே அவன் வாயில் இடித்தார். முன்பல் உடைந்தது. அவன் அவரைச் சுவரோடு வைத்து முகத்திலேயே முட்டினான். மூக்கு நசுங்கிற்று. அவர் கைக்குக் கிடைத்த இரும்புக் குழாயை ஓங்கி இறக்கியபோது, அவனுடைய மணிக்கட்டு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

குழந்தையை எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தவளை மூத்தவள் நடையிலேயே மறித்தாள். "உன்னாலதாண்டி எல்லாம்!" என்று கூந்தலைப் பற்றிக் கதவில் மோதினாள். இவள் அவள் கையைக் கடித்தாள். வாயில் ரத்தம் கரித்தது. அப்போதும் விடவில்லை.

உள்ளே டிரைவர் அண்ணனை உதைத்துக் கீழே தள்ளி, முறியாத கையால் பேட்டரி நின்ற ஸ்டாண்டை இழுத்தான். பேட்டரி சரிந்து, கீழே கிடந்த லேத்துக்காரரின் வலது கைமேல் விழுந்தது. மூடிகள் பிய்ந்து ஆசிட் கையிலும் கழுத்திலும் ஓடியது. பட்டறைச் சத்தத்திலேயே வாழ்ந்த மனிதர் எழுப்பிய அந்தக் கூச்சலில் பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டார்கள்.

"அக்கா, முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க!"

மூத்தவள் ஓடிப்போய் அணைத்தாள். இருவருமாகப் பேட்டரியைப் புரட்டித் தள்ளி, அக்குளில் கைகொடுத்து அவரைக் குழாயடிக்கு இழுத்தார்கள். இவள் வாளி வாளியாக ஊற்றினாள். "கையை மூடாதீங்க மாமா. தண்ணி படட்டும். எரியும், பொறுத்துக்கோங்க." சட்டையைக் கிழித்தெறிந்து கழுத்திலும் ஊற்றினாள்.

வாயெல்லாம் ரத்தமாகப் பின்னாலேயே வந்த டிரைவர், தரையில் கிடந்த அண்ணனின் விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். "என் பிள்ளையைக் கொல்லப் பாத்தியாடா நீ!"

"விடுங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்!"

அவன் காலை மறுபடியும் ஓங்கினான். அவள் இரும்பு வாளியை வீசி அவன் காதோடு அடித்தாள். அவன் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "எழுந்தீங்கன்னா இன்னொண்ணு விழும்," என்றாள். எழவில்லை. அவள் வாளியைக் குழாயடியில் வைத்தாள். அண்ணனும் தம்பியும் ஒரே ஈரத்தில் கிடக்க, மூத்தவள் அழுதுகொண்டே குழாயைத் திறந்தாள்.

போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டபோது, பேட்டரியைத் தூக்கும்போது நழுவிவிட்டது என்றார் லேத்துக்காரர். பக்கத்து வார்டில் தம்பியும் அதையேதான் சொன்னான், இருவரும் பேசிவைத்துக்கொண்டதில்லை. போலீஸ்காரர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "பெரிய பேட்டரிதான் போல," என்று போனார்.

குழந்தைக்குப் புருவத்தில் தையல், ஆழமில்லை. டிரைவருக்கு மணிக்கட்டில் தகடு. பஸ் ஓட்டுவது போய் டெப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை வந்தது. லேத்துக்காரரின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. வாளியால் அடித்ததைப் பற்றி டிரைவர் மனைவியிடம் ஒருநாளும் பேசவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

மூத்தவள் யாரையும் கேட்காமல் ஆளைக் கூப்பிட்டுப் புது இன்வெர்ட்டரைக் கொல்லைத் தகரக் கொட்டகையில் வைக்கச் சொன்னாள். சின்ன வேலை. குழந்தை தூங்க ஆரம்பித்தது. அதற்குள் கீழ் ஈறில் பல்லும் வெளியே வந்திருந்தது. பிள்ளையைத் தூங்கவிடாதது அலையா பல்லா என்று மருந்துக்கடைக்கு வந்த ஒரு தாய் தம்பி மனைவியிடம் கேட்டபோது, "சத்தியமா தெரியலைங்க. தள்ளி வைக்க முடிஞ்சா தள்ளி வைங்க. அதுக்காக யாரோடயும் மல்லுக்கு நிக்காதீங்க," என்றாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் டிரைவர் பட்டறை வாசலில் போய் நின்றான். அண்ணன் இடது கையால் ஒரு இரும்புத் துண்டை லேத்தில் பொருத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு நழுவி நழுவி விழுந்தது. தம்பி வாசலிலேயே நின்றான்.

லேத்துக்காரர் நிமிராமலே சொன்னார்: "வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்காதே. வர்றதுன்னா உள்ள வா, இதோட அந்த முனையைப் பிடி."

அவன் உள்ளே போய்ப் பிடித்தான்.